ஓபெட் ஹோடின் கூரையும் ஓவியர் அவையும்

எங்கள் பெக்கிள்ஹர்ஸ்ட் அழகான ஊர் என்பது வெகுகாலம் எங்களுக்குத் தெரியாமலே இருந்தது. சேறு இருந்தது, டர்னிப் கிழங்கு விளைந்தது, ஞாயிற்றுக்கிழமை சர்ச் மணி அடித்தது; நாங்கள் பாட்டுக்கு இருந்தோம். ரயில் வந்த பிறகு லண்டனிலிருந்து ‘கிராமிய எழில் ஓவியர் அவை’ என்று ஒரு பெரிய மனிதர் கூட்டம் வந்து இறங்கியது. ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ‘பிளவ்’ என்ற சாராயக்கடையின் மாடியில் உட்கார்ந்து தீர்மானம் போட்டு, இந்த ஊர் அழகானது என்று எங்களுக்கு அறிவித்தார்கள். அன்றிலிருந்து பிடித்தது சனி.

நான் வண்டிக்காரன். ஸ்டேஷனிலிருந்து அவர்களையும் அவர்கள் பெட்டி, குடை, படம் வரையும் சட்டங்களையும் ஏற்றிவருவது என் வேலை. வண்டிக்காரனுக்கும் காது உண்டு என்று அந்த வர்க்கத்துக்குத் தோன்றுவதே கிடையாது. அதனால் எனக்கு எல்லாம் தெரியும்.

ஓபெட் ஹோட், சர் எவ்ரார்டின் பண்ணையில் ஏர் ஓட்டுகிறவன். மனைவி கெசையா, ஒரே பெண் டாமரிஸ், மூன்று பேரும் சந்து திரும்பும் இடத்தில் இருக்கிற குடிசையில் குடியிருந்தார்கள். குடிசையும் சர் எவ்ரார்டுடையதுதான். நூறு வருஷத்து வைக்கோல் கூரை, அதன்மேல் பச்சையும் பழுப்புமாகக் கம்பளி போலப் பாசி. அவையின் கௌரவச் செயலாளர் மிஸ்டர் குவின்டஸ் பெல்மோர் அதைப் பார்த்த மாத்திரத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டார். எங்கள் பாதிரியாருக்குக்கூட அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. சர் எவ்ரார்ட் விஷயம் தெரிந்தவர். அந்த வீட்டின் தோற்றத்தை மட்டும் அவைக்குக் குத்தகைக்கு விட்டார். உள்ளே இருப்பது ஓபெட்டுக்கு, வெளியே தெரிவது அவைக்கு. வாடகையை இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டார்.

இதில் ஓபெட்டுக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அவனுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. பின்பக்கச் சரிவில் கூரை உளுத்து ஓட்டை விழுந்திருந்தது. அது நேராக டாமரிஸின் கட்டிலுக்கு மேலே. அந்தப் பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே நெஞ்சு பலவீனம். போன குளிர்காலம் முழுக்க இருமியே தீர்த்தாள். அடுத்த மழைக்குள் கூரையை அடைத்துவிட வேண்டும் என்று ஓபெட் வைக்கோல் கட்டி ஏணியும் இரவல் வாங்கி ஒருநாள் காலையில் மேலே ஏறினான்.

பின்பக்க வயலில் குடைக்குக் கீழே வரைந்துகொண்டிருந்த மிஸ்டர் பெல்மோர் அலறிய அலறலில் என் குதிரை மிரண்டது.

“இறங்கு! இறங்கு, மடையா! என்ன காரியம் பண்றே நீ?”

“கூரை ஒழுகுது துரை. அடைக்கிறேன்.”

“அந்தப் பாசி மேலயா கால வச்சே? அது எத்தனை கண்காட்சியில இடம்பிடிச்ச பாசி தெரியுமா? மகாராணியோட சித்தப்பாவே அந்தப் படத்து முன்னால நின்னு பெருமூச்சு விட்டிருக்கார்!”

ஓபெட் காலைத் தூக்கிக்கொண்டான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஒற்றைக்காலில் நின்றான். அப்புறம் இறங்கினான்.

முறைப்படி விண்ணப்பித்தால் அவை பரிசீலிக்கும் என்று சொன்னார்கள். ஓபெட்டுக்கு எழுதத் தெரியாது. பாதிரியார் எழுதிக்கொடுத்தார். அறுவடை முடிந்து ஒரு குழு வந்தது. அதற்குப் பெயர் மேற்பரப்புக் குழு. கைவிரல்களைச் சட்டம் மாதிரி மடித்து அதன் வழியே ஓட்டையைப் பின்னாலிருந்து பார்த்தார்கள், பக்கத்திலிருந்து பார்த்தார்கள். உள்ளே போய்க் கட்டிலின் பக்கத்தில் நின்று அண்ணாந்தும் பார்த்தார்கள். நரைத்த தாடி வைத்த ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதை ஓட்டைன்னு சொல்லாதீங்க. காலம் போட்ட கையெழுத்து இது.”

“காலம் எம்புள்ள நெஞ்சு மேல கையெழுத்துப் போடுது துரை,” என்றாள் கெசையா.

“ஆகா, எவ்வளவு இயல்பான பேச்சு!” என்று அவர் அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

மிஸ்டர் பெல்மோர் தீர்ப்பைச் சொன்னார். “இதோ பார், ஓபெட். எங்களுக்கு ஏழைகள் மேல இரக்கம் இல்லைன்னு நெனைக்காதே. ஏழைகள் இல்லேன்னா நாங்க எதை வரையறது? ஆனா புது வைக்கோல் மஞ்சளா அடிக்கும். இந்த வருஷம் மஞ்சளே வேண்டாம்னு அவை முடிவு பண்ணியிருக்கு. வைக்கோல் பழுப்பாக மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கோ.”

“எங்க நகர்த்தறது துரை? மத்த எடம் இதைவிட ஈரம்.”

“அதை நீதான் பார்த்துக்கணும். வீட்டுக்குள்ள நாங்க தலையிடறதில்லை. குடியானவனோட வீடு அவனோட கோட்டை.”

இதைச் சொல்லும்போது அவர் குரலில் உண்மையான கர்வம் இருந்தது. எங்களில் சிலர் தொப்பியைத் தொட்டோம். பழக்க தோஷம்.

கூரைதான் கிடைக்கவில்லை, அவையின் கவனம் வேண்டிய மட்டும் கிடைத்தது. ஓபெட் எல்லோரையும் போலக் கடையில் வாங்கிய முரட்டுக் காட்ராய் துணிக் கோட்டு போட்டிருந்தான். அது கிராமத்துக்குப் பொருந்தவில்லை என்று லண்டன் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளை அங்கியைக் கொடுத்து மாட்டச் சொன்னார்கள். எங்கள் தாத்தாக்கள் போட்டுக்கொண்டு திரிந்த நீள அங்கி அது. அதைப் போட்டுக்கொண்டு ஏர் ஓட்டப் போனவனைப் பண்ணையில் அத்தனை பேரும் கேலி செய்தார்கள்.

“என்னடா ஓபெட், ஞானஸ்நானமா?”

அதுவும் பலிக்கவில்லை. ஓபெட்டின் முகம் சரியில்லை என்று பெல்மோர் சொல்லிவிட்டார். “இவன் முகத்தில் நிறைவே இல்லை. பார்க்கிறவனுக்கு என்னவோ குற்ற உணர்ச்சி வருகிறது. இதை யார் வாங்கிச் சாப்பாட்டு அறையில் மாட்டுவார்கள்?” டாமரிஸ் வெளுத்திருந்தாள். கெசையாவுக்குப் பல் போயிருந்தது. ஆக மூன்று பேரும் கிராமத்துக் குடும்பத்துக்கு லாயக்கில்லை என்று ஆயிற்று.

எனவே லண்டனிலிருந்து ஒரு குடும்பத்தை வரவழைத்தார்கள். நான்தான் ஏற்றிவந்தேன். தாயாக மிஸ் பெர்டிடா ட்ரூ, ஓவியர்கள் சொல்கிற வேஷத்தில் உட்காருவதே அவள் பிழைப்பு. குழந்தைகளாகக் கொழுகொழுவென்று இரண்டு, ஒரு ரொட்டிக் கடைக்காரரிடம் வாடகைக்கு எடுத்தவை. அவர்கள் ஓபெட் வீட்டு வாசலில் ரோஜாக் கொடிக்குக் கீழே சிரித்தபடி உட்கார்ந்தார்கள். உண்மைக் குடும்பம் கண்ணில் பட்டால் ஓவியருக்கு மனம் கலையும் என்பதால் வெளிச்சம் இருக்கும் வரை மூன்று பேரும் பின்னால் பன்றிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஓபெட் வேலைக்குப் போய்விடுவான். கெசையாவும் டாமரிஸும் நின்றார்கள்.

மிஸ் ட்ரூ நல்ல பெண். ஓய்வு விட்டால் பின்பக்கம் வந்து டாமரிஸுக்குப் புதினா மிட்டாய் கொடுப்பாள்.

“எப்படிக்கா இங்க இருக்கீங்க? வாசல்ல உக்காந்ததுக்கே எனக்கு முதுகு வெறச்சுப்போச்சு.”

“உள்ள வந்து பாரு. இன்னும் நல்லாருக்கும்,” என்றாள் கெசையா.

“போன மாசம் ஒரு படத்துக்கு ராணியா படுத்துக்கெடந்தேன். பாம்பு கடிச்சுச் சாகற ராணி. உடம்புல பாதிக்குத் துணி கெடையாது. ஆனா அங்க கணப்பு இருந்துச்சுக்கா. செத்தாலும் கதகதப்பா சாகலாம்.”

கெசையா வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். சிரிப்புச் சத்தம் வாசல் வரை கேட்டு வெளிச்சத்தைக் கெடுத்ததாகப் பெல்மோர் ஆள் அனுப்பிக் கண்டித்தார்.

அப்புறம் பன்றிக்கு வந்தது வாழ்வு. படத்தில் ஓரமாக ஒரு பன்றி தேவைப்பட்டது. ஓபெட்டின் பன்றியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கழுத்தில் நீல ரிப்பன் கட்டினார்கள். பழக்கமில்லாத குளியலில் அதற்குச் சளி பிடித்துவிட்டது. அவை பதறிப்போய்ப் பக்கத்து டவுனிலிருந்து கால்நடை வைத்தியரைக் கூட்டிவந்தது. அவர் பன்றியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, காய்ந்த இடம் வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்காது என்றார். கொட்டில் வேலி மறைவில் இருந்தது, எங்கிருந்து வரைந்தாலும் தெரியாது. ஆகவே அழகுக்குக் குந்தகமில்லை. அன்று சாயங்காலமே கொட்டிலுக்குத் தார் பூசிய பலகைக் கூரை போட்டாயிற்று.

வைத்தியர் கிளம்பும்போது கெசையா பெண்ணை இழுத்து அவர் முன்னால் நிறுத்தினாள். “இதையும் கொஞ்சம் கேளுங்க ஐயா.”

அவர் தயங்கிவிட்டுக் குனிந்து கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். “இதுக்கும் அதேதான்மா. காஞ்ச எடம். ஆனா நான் சொன்னா செல்லாது, நான் மாட்டு டாக்டர்.”

பெண்ணைக் கொட்டிலிலேயே படுக்கப் போடலாம் என்று கெசையா வைக்கோலைப் பரப்பப் போனாள். அதற்குள் பெல்மோர் முந்திக்கொண்டார். இவ்வளவு நல்ல காய்ந்த இடத்தை வீணாக்குவானேன் என்று விலைபோகாத படங்களையெல்லாம் சாராயக்கடை மாடியிலிருந்து இறக்கிப் பன்றிக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார்.

அக்டோபரில் அவையின் ஆண்டு விழா, மேய்ச்சல் வெளியில் கூடாரம் போட்டு நடந்தது. ‘நிறைவின் வாசல்’ என்ற பெரிய படத்தைத் திரை விலக்கிக் காட்டினார்கள். மிஸ் ட்ரூ, ரொட்டிக் கடைக்காரர் குழந்தைகள், ரிப்பன் கட்டிய பன்றி, பாசிக் கூரை, மேலே ஒரு பொட்டு மேகம் இல்லாத ஆகாயம். சர் எவ்ரார்ட் தலைமை வகித்தார். பர்மிங்காமிலிருந்து ஆணித் தொழிற்சாலை முதலாளி ஒருவர் வந்து படத்தை அங்கேயே வாங்கினார். எங்களுக்குத் தனியாக ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கம் பீரும் ரொட்டியும் கொடுத்தார்கள்.

பெல்மோர் பேசினார். “கனவான்களே! நம் நகரங்களில் ஏழைகள் முணுமுணுக்கிறார்கள். சங்கம் வைக்கிறார்கள், கூலி கேட்கிறார்கள். அவர்களை எப்படி அமைதிப்படுத்துவது என்று பாராளுமன்றம் திகைக்கிறது. நாங்கள் திகைக்கவில்லை. நாங்கள் வரைகிறோம். இந்தப் படத்தைப் பாருங்கள். இந்தத் தாய்க்கு என்ன குறை? இந்தக் குழந்தைக்கு என்ன நோய்? ஏழ்மை இவ்வளவு அழகாக இருக்கும்போது அதை ஒழிக்கச் சொல்கிறவன் கலையின் எதிரி அல்லவா? நான் அறுதியிட்டுச் சொல்வேன்: பெக்கிள்ஹர்ஸ்டில் ஒரு துயரத்தையும் நான் கண்டதில்லை. கண்டிருந்தால் வரைந்திருக்க மாட்டேனா?”

கைதட்டல் அடங்கியதும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஓபெட் எழுந்து நின்றான். குடித்திருக்கவில்லை. எனக்குப் பக்கத்தில்தான் இருந்தான்.

“துரை, கூரை விஷயம் என்னாச்சு?”

கூடாரம் திரும்பிப் பார்த்தது. பெல்மோர் கோபப்படவில்லை. அன்பாகப் படத்தைக் காட்டினார்.

“ஓபெட், நீயே பார்த்துச் சொல். இந்தக் கூரை ஒழுகுதா?”

ஓபெட் கிட்டப் போய்ப் பார்த்தான். “இதுல ஒழுகல துரை.”

“அப்புறம் என்ன?” என்றார் பெல்மோர். ஆணி முதலாளி முதலில் சிரித்தார்; அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. டாமரிஸின் கட்டிலுக்கு மேல் கெசையா தன் ஒரே போர்வையைக் கட்டினாள். அது நனைந்து கனத்து விழுந்தது. இரவெல்லாம் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு ஓபெட்டும் அவளும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். ஒருநாள் பன்றிக்குத் தீனி வைக்கப் போன ஓபெட், அங்கே அடுக்கியிருந்த படங்களில் எல்லாவற்றையும்விடப் பெரியதை உருவி எடுத்தான். பின்பக்கச் சரிவில் ஏறி, ஓட்டையின் மேல் அதை வைத்து நான்கு பக்கமும் ஆணி அடித்தான்.

ஒழுக்கு நின்றது. நன்றாக, சுத்தமாக நின்றது. எண்ணெய்ச் சாயத்தை அவ்வளவு கனமாகப் பூசுகிறவர் பெல்மோர். டாமரிஸ் காய்ந்த படுக்கையில் படுத்தாள். இருமல் குறைந்தது, கொழுப்பு தடவிய ரொட்டி கேட்டு வாங்கித் தின்றாள். சந்தில் என் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு வந்து கையாட்டுவாள். நான் சாட்டையைச் சொடுக்கிக் காட்டுவேன். அவையால் ஒரு மனித ஜீவனுக்கு விளைந்த நன்மை என்று நான் கண்டது அந்தச் சில வாரங்கள்தான்.

பின்மலையில் உட்கார்ந்து காலத்தின் சோகத்தை வரைந்துகொண்டிருந்த அவையின் பெண் உறுப்பினர் ஒருவர், மழை மூட்டத்துக்கு நடுவே ஓபெட் கூரையில் ஒரு துண்டு நீல வானம் இருப்பதைக் கண்டு கத்தினார். அதோடு முடிந்தது.

சர் எவ்ரார்ட்தான் எங்கள் பகுதிக்கு மாஜிஸ்திரேட். ஓபெட்டை அவர் முன்னால் நிறுத்தினார்கள். ஊரே பார்க்கப் போயிற்று.

“என் படைப்பு!” பெல்மோரின் குரல் நடுங்கியது. “அறுவடைக் கால நண்பகல். மேகமே இல்லாத ஆகாயம். அதன்மேல் மழை பெய்திருக்கிறது, பிரபுவே. மழை!”

“ஏண்டா படத்தை வெளியே பார்க்க வச்சே?” என்று கேட்டார் சர் எவ்ரார்ட்.

“சாயம் பூசின பக்கம் மேல இருந்தாத்தான் தண்ணி எறங்காது துரை. வண்டித் தார்ப்பாய் அப்படித்தான் போடுவோம்.”

“அப்போ, தண்ணி இறங்கலியா?”

“ஒரு பொட்டு எறங்கல துரை. அய்யா வரைஞ்சதுல குத்தமே சொல்ல முடியாது.”

ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத் தண்டனை கூடிற்று. சர் எவ்ரார்ட் எழுந்து நின்றே பேசினார். “பட்டினியால் ரொட்டி திருடியவனை நான் புரிந்துகொள்வேன், கடுமையாகத் தண்டிக்கவும் செய்வேன். ஆனால் அழகை எடுத்து உபயோகப்படுத்தியவனை என்ன செய்வது? இன்றைக்கு ஒரு படம் கூரையாகப் பயன்படும் என்று இவர்களுக்குத் தெரிந்தால், நாளைக்கு என் மாளிகைச் சுவரில் இருப்பதெல்லாம் எதற்குப் பயன்படும் என்று யோசிக்க மாட்டார்களா?” ஓபெட்டுக்கு ஜெயில், வீட்டைக் காலி செய்ய வேண்டும். கெசையாவும் டாமரிஸும் டவுனில் இருக்கிற ஏழை விடுதிக்குப் போனார்கள். என் வண்டியில்தான். அங்கே தாயை ஒரு கட்டடத்திலும் பிள்ளையை ஒரு கட்டடத்திலும் போடுவார்கள். அது அவர்கள் சட்டம். வாசலில் பிரித்தபோது டாமரிஸ் அழவில்லை. இருமிக்கொண்டு இருந்ததால் அழ நேரமில்லை.

திருட்டுக்குப் பிறகு கொட்டில் பத்திரமில்லை என்று படங்களைக் காலியான வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்த மழையில் ‘மாலை நேர ஆட்டு மந்தை’ என்ற படத்தின் மேல் தண்ணீர் சொட்டியது. ஓர் ஆட்டின் முகத்தில் கறை.

இரண்டே நாளில் கூரை வேய்கிறவர்கள் வந்துவிட்டார்கள். பின்பக்கச் சரிவு முழுவதையும் பிரித்துப் புது வைக்கோல் வேய்ந்தார்கள். அது மஞ்சளாகத்தான் அடித்தது. அதன்மேல் பழுப்புச் சாயம் கலந்து தெளித்து, எடுத்துவைத்திருந்த பாசியைத் திரும்பவும் பத்தை பத்தையாக ஒட்டிவிட்டார்கள். ஒரு பகல் வேலை. கீழே வண்டியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓபெட் ஜெயிலிலிருந்து வந்தபோது யாரும் வேலை தரவில்லை. அவை பெருந்தன்மையோடு தந்தது: படங்களுக்கு ஈரம் ஆகாது, தினமும் காலையில் போய் அந்த வீட்டில் கணப்பு மூட்ட வேண்டும். தன் வீட்டில், தன் அடுப்பில், முன்பு அவனுக்குக் கிடைக்காத நல்ல நிலக்கரியில் அவன் நெருப்பு மூட்டினான். ஒருநாள் பெல்மோரிடம் கேட்டான். நான் வாசலில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன்.

“துரை, எம்பொண்ணுக்கு விடுதியில ரொம்ப முடியல. இங்க கணப்பு ஓரமா ஒரு மூலையில படுக்க வச்சுக்கட்டுமா? எதையும் தொட மாட்டா.”

பெல்மோர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். “என் மனசு என்ன பாடுபடுது தெரியுமா? ஆனா மூச்சு இருக்கே, ஓபெட், மூச்சு! குழந்தையோட மூச்சில ஈரம் இருக்கு. வார்னிஷுக்கு ஆகாது.”

டாமரிஸ் பனிக்காலத்தில் விடுதியில் செத்துப்போனாள். சர்ச்சுக்குப் பின்னால் புதைத்தோம். புதைத்த மறுநாள் காலையில் ஓபெட் கணப்பு மூட்டப் போனான். இந்தக் கூலியும் போனால் கெசையாவை விடுதியிலிருந்து வெளியே கொண்டுவர வழியில்லை.

கணப்புக்கு முன்னால் மண்டி போட்டு அவன் ஊதிக்கொண்டிருந்தபோது பெல்மோர் என் வண்டியில் வந்து இறங்கினார். கதவருகிலேயே நின்றுவிட்டார். “அசையாதே!” என்று கிசுகிசுத்தார். “அப்படியே இரு. இந்த முகத்தை இத்தனை நாள் எங்கேப்பா ஒளிச்சு வச்சிருந்தே?”

“எம்பொண்ணு செத்துப்போச்சு துரை.”

“தெரியும், தெரியும். தலையை மட்டும் கொஞ்சம் இடப்பக்கமா சாய்.”

ஓபெட் எழுந்தான். அவரை ஒன்றும் செய்யவில்லை. முழங்காலில் ஒட்டிய சாம்பலைத் தட்டிவிட்டு, அவரைத் தாண்டி வெளியே வந்து என் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

பெல்மோர் பின்னாலேயே ஓடிவந்தார். “நன்றி கெட்ட ஜனம்! ஏய் வண்டிக்காரா, நீ வா. அந்த அங்கியை மாட்டிக்கிட்டு அங்க மண்டி போடு. உனக்கொரு குழந்தை செத்துப்போன மாதிரி நினைச்சுக்கோ. சீக்கிரம், எனக்கு மத்தியான ரயிலைப் பிடிக்கணும்.”

நான் குதிரையைத் திருப்பினேன். அவர் கத்தக் கத்தத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன். ஏழை விடுதிப் பக்கம் கெசையாவைக் கூப்பிடப் போனோம். பிறகு என்ன செய்வது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. வழியெல்லாம் மழை கொட்டியது. ஸ்டேஷன் வரைக்கும் பெல்மோர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனார், தொப்பலாக நனைந்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை.